முயல் குடலில் உண்மையைக் கண்டவர்



கோலசிலாங்கூர்ப் பக்கம் மாடு கன்று வளர்த்த குடும்பங்களுக்கு இது தெரியும். பிறந்து நாலைந்து நாளான கன்று தண்ணியாய்க் கழியும், கண் உள்ளே போகும், மறுநாள் எழுந்திருக்காது. புக்கிட் ரோத்தான் பக்கத்து லயத்தில் நாம் சிறுபிள்ளையாய் இருந்தபோது நம் வீட்டுக் கன்றும் அப்படித்தான் போனது. கண்ணேறு என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கன்று பிழைக்கவில்லை.

இந்த மர்மத்துக்கு வழி திறந்தவர் சம்புநாத் டே. 1915 பிப்ரவரி 1-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகையில் படித்து, 1939-ல் கல்கத்தாவில் டாக்டரானார். 1949-ல் லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார். அங்கேயே தங்கிவிடாமல் ஊர் திரும்பினார்.

வாந்திபேதிக் கிருமியை ஜெர்மன் நாட்டு ராபர்ட் கோக் 1884-லேயே கல்கத்தாவில் கண்டிருந்தார். அது ஆளை எப்படிக் கொல்கிறது என்பதுதான் விளங்கவில்லை. டே நேரே குடலுக்குப் போனார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு தண்ணீர் கோத்து ஊதி நின்றது. 1953-ல் இதை வெளியிட்டார். 1959-ல் கிருமியை வடிகட்டி நீக்கிவிட்டு, அது வளர்ந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் ஊதியது! ஆக, கிருமி கக்கும் நஞ்சுதான் உடம்பிலுள்ள தண்ணீரையும் உப்பையும் குடலுக்குள் இறைத்து விடுகிறது. இளங்கன்று, பன்றிக்குட்டிகளின் கழிச்சலிலும் பல வேளை இதே வகை நஞ்சுதான் வேலை செய்கிறது.

இழந்த நீரைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் நிற்கும். 1971-ல் வங்காள அகதி முகாமில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆயிரக்கணக்கானோரைக் காத்தது. பிள்ளைக்குக் கழிச்சல் என்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உடனே கிளினிக்குக்குத் தூக்குங்கள்.

1978-ல் ஸ்டாக்ஹோம் நோபல் கருத்தரங்கு டேயை அழைத்துப் பெருமை செய்தது. சொந்த நாட்டில் பெரிய விருது எதுவும் தேடி வரவில்லை. 1985 ஏப்ரல் 15-ல் சத்தமின்றி மறைந்தார்.

உழைப்பவன் பெயர் மறக்கப்படுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் அவர் கற்றுத் தந்ததை நாம் மறக்கக் கூடாது. தோட்டமானாலும் தாமானானாலும், சுத்தமான குடிநீரும் மூடிய சாக்கடையும் கேட்பது பிச்சையல்ல. பிள்ளைகளின் உயிருக்கான உரிமை. கேட்போம்!