பள்ளிக் கொப்பியில் பிறந்த ஞான நூல்

எழுத ஆசை இருந்தும், எதைக் கொண்டு தொடங்குவது, யார் வாசிப்பார்கள் என்று தயங்கி நிற்போர் நம்மிடையே பலர். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் வாழ்வு அவர்களுக்கு ஊக்கமளிக்கும்.

பிரான்ஸ் தேசத்தில் 1873இல் பிறந்த தெரேசா, 15ஆவது வயதில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். நூல் எழுதும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. 1894ஆம் ஆண்டின் குளிர்கால மாலையொன்றில் அவர் சொன்ன சிறுபராய நினைவுகளைக் கேட்டு மகிழ்ந்த மூத்த சகோதரி மரி, அவற்றை எழுதுவிக்க வேண்டுமென்றார். அப்போது மடத்தலைவியாயிருந்த மற்றச் சகோதரி பொலின் அவ்வாறே பணித்தார்.

தெரேசா தயங்கினார். தேவதாயின் சுரூபத்தின் முன் முழந்தாட்படியிட்டுச் செபித்தார். நற்செய்தி நூலைத் திறந்து வாசித்தார். பின்பு சாதாரணப் பள்ளிக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். மடத்து வேலைகளுக்கிடையே கிடைத்த சொற்ப ஓய்வு நேரத்திலேயே எழுதினார். 1896 சனவரியில் எழுதியதைக் கையளித்தார். பொலின் அதை உடனே வாசிக்கவில்லை, மாதங்கள் கடந்தன. தெரேசா அதுபற்றிக் கேட்கவுமில்லை.

1897இல் காசநோய் வாட்டியபோதும் மீண்டும் எழுதினார். பேனா பிடிக்க இயலாமற் கை சோர்ந்ததும் பென்சிலால் எழுதினார். அவ்வெழுத்து நிறைவுறாமலே நின்றது. செப்டெம்பர் 30இல், 24 வயதில் இறைபதமடைந்தார். அடுத்த ஆண்டு 2,000 பிரதிகளாக வெளிவந்த அவரது நூல் பின்னர் உலகெங்கும் பரவியது. 1997இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராகப் பிரகடனஞ் செய்தார்.

கேட்ட சகோதரிகளுக்காகவே அவர் எழுதத் தொடங்கினார். எழுத விரும்புவோரே, உங்கள் வீட்டிலும் கேட்பவர் ஒருவர் இருப்பார். அவருக்காக இன்றே முதல் வரியை எழுதுங்கள்.