பூட்டில்லாத சிறை

பல்கலைக்கழக விடுமுறையில் காஹாங்கில் உள்ள வீட்டுக்குச் சென்றபோது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைக் கையோடு கொண்டுசென்றேன். பாதிக்கு மேல் படிக்க இயலவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. இத்தகைய இருட்டை எழுதியவர் எப்படி வாழ்ந்திருப்பார் என்ற கேள்வியே அவர் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1906 ஏப்ரல் 25-ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். எட்டு வயதில் தாய் மறைந்தார்; தந்தை மறுமணம் செய்துகொண்டார். தாயன்பு அற்ற அந்த இளமையே பிறர் துயரை உற்றுப் பார்க்கும் கண்ணை அவருக்குத் தந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்று 1931-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டு கமலாவை மணந்தார். மகன் அரசுப் பணியில் அமர வேண்டுமென்று தந்தை விரும்பினார். மகனோ பேனாவை நம்பிச் சென்னைக்குச் சென்றார். 'மணிக்கொடி'யில் எழுதினார், 'ஊழியன்', 'தினமணி', 'தினசரி' இதழ்களில் பணியாற்றினார். புகழ் வந்தது, வறுமை போகவில்லை.

'துன்பக்கேணி' 1935-இல் வெளிவந்தது. கங்காணியின் பேச்சை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதி, அங்கே வெள்ளைக்கார மேலாளரால் சீரழிக்கப்படுகிறாள். அவளை அடைத்து வைத்த அறைக்குப் பூட்டில்லை. கடனும் அச்சமும் போக்கிடமின்மையுமே சுவர்கள். மலாயாவுக்கும் கங்காணிகள் 1938 வரை ஆள் சேர்த்தார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

மீதிக் கதையைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர், பல்லாண்டுகள் பால்மரம் வெட்டியவர். மருதிக்கு நேர்ந்ததைச் சொல்லக் கூசி நிறுத்தினேன். மேலே படிக்கச் சொன்னார். இதெல்லாம் லயத்துப் பெண்களுக்குத் தெரிந்த சங்கதிதான், புத்தகத்தில் வந்திருக்கிறது என்பதுதான் தனக்குப் புதிது என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

திரைப்பட எழுத்துக்காகப் பூனா சென்ற புதுமைப்பித்தனைக் காசநோய் பற்றியது. 1948 ஜூன் 30-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர் மறைந்தார். வயது 42 மட்டுமே. 2002-இல் அவர் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டன.

மனத்தைக் கனக்கச் செய்யும் கதைகளை ஒதுக்கிவிடாதீர்கள், நண்பர்களே. நம் வீட்டில் யாரோ சொல்லாமல் விட்ட கதையாகவும் அது இருக்கலாம்.