கூரத்தாழ்வான்: குணமும் குணம்போல் தோன்றுவதும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆத்ம குணங்களைப் பற்றிப் பூர்வாசார்யர்கள் அருளிச்செய்தவற்றைக் கற்கும்போது நமக்கு ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. ஒவ்வொரு குணத்துக்கும் அருகிலேயே, அதனைப் போலத் தோற்றமளிக்கும் வேறொன்று நிற்கிறது. பொறுமைக்கு அருகில் கையாலாகாமை, ஈகைக்கு அருகில் புகழாசை, பணிவுக்கு அருகில் முகத்துதி, உறுதிக்கு அருகில் பிடிவாதம். வெளியே தெரியும் செயல் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கக்கூடும். பொன்னையும் பித்தளையையும் நிறத்தால் பிரித்தறிய இயலாதபோது உரைகல்லை நாடுகிறோம். அவ்வாறு நாம் நாடத்தக்க உரைகல்லாக அமைந்துள்ளது கூரத்தாழ்வானின் சரித்திரம். குருபரம்பரை நூல்கள் கூறும் அவருடைய வாழ்வின் சில கட்டங்களை இந்நோக்கில் அநுபவிப்போம்.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் என்னும் ஊரில், ஹாரீத கோத்ரத்தில், தை மாத ஹஸ்த நக்ஷத்ரத்தில் ஆழ்வான் திருவவதரித்தார். ஸ்ரீவத்ஸாங்கர் என்றும் அவரை வழங்குவர். 1017ஆம் ஆண்டில் அவதரித்த எம்பெருமானாருக்கு வயதில் மூத்தவராயினும் அவர் திருவடிகளையே தஞ்சமாகப் பற்றினார். பெருஞ்செல்வரான ஆழ்வானின் திருமாளிகையில் நாள்தோறும் இரவு நெடுநேரம் வரை அன்னதானம் நடைபெறும். அது முடிந்து பெருங்கதவுகளைச் சாத்தும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவியில் விழ, தாயார் அதுபற்றி வினவினார் என்பர். இச்செய்தி திருக்கச்சி நம்பி வாயிலாக ஆழ்வானை எட்டியது. தம் கொடையின் புகழ் திவ்யதம்பதிகள் வரை சென்றதென்று மகிழ்வதற்கு இடமிருந்தது. அவரோ வெட்கினார். தம் செல்வத்தின் ஆரவாரம் பெருமாள் ஸந்நிதி வரை போயிற்றே என்று நெஞ்சு குலைந்து, உள்ளதையெல்லாம் துறந்து திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். கொடுப்பவன் தன் கொடையைப் பற்றிப் பிறர் பேசக் கேட்கும் கணத்தில்தான் ஈகையும் புகழாசையும் தனித்தனியே தெரிகின்றன. அக்கணத்தில் ஆழ்வானுக்கு உண்டானது நாணம்.

வழியில் காட்டைக் கடக்கையில் அவருடைய தர்மபத்னி ஆண்டாள் அஞ்சினார். மடியில் கனமிருந்தாலல்லவோ வழியில் பயம் என்று ஆழ்வான் கருதி வினவ, அவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன்வட்டிலை எடுத்துவந்ததை ஆண்டாள் தெரிவித்தார். ஆழ்வான் அதனை வாங்கிப் புதரில் எறிந்துவிட்டு மேலே நடந்தார். ஆண்டாள் அதைக் கொணர்ந்தது பேராசையால் அன்று. கணவரிடம் கொண்ட பரிவினால். அப்பரிவைக் கடிந்துகொள்ளாமல், வட்டிலை மட்டும் விலக்கியதை நாம் நோக்க வேண்டும்.

திருவரங்கத்தில் உஞ்சவ்ருத்தியால் வாழ்ந்த ஆழ்வானுக்கு ஒருநாள் மழையால் வெளியே செல்ல இயலவில்லை; தம்பதிகள் பட்டினியாக இருந்தனர். இரவில் பெருமாள் அரவணை அமுது செய்யும் ஓசையைக் கேட்ட ஆண்டாள், அடியவர் பட்டினி கிடக்க அவன் அமுது செய்கிறானே என்று நெஞ்சில் நினைத்தார். உடனே கோயிலிலிருந்து ப்ரஸாதம் வந்தது. ஆண்டாளின் நினைவே அதற்குக் காரணம் என்று அறிந்த ஆழ்வான் வருந்தினார். ஆயினும் ப்ரஸாதத்தைத் திருப்பி அனுப்பவில்லை. தாமும் சிறிது ஸ்வீகரித்து ஆண்டாளுக்கும் அளித்தார். அதன் பயனாகவே பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் அவதரித்தனர் என்பது பெரியோர் கூற்று. வைராக்யம் என்பது உலகத்தின்மேல் கொள்ளும் வெறுப்பாக இருந்திருந்தால், வந்த ப்ரஸாதமும் வெறுக்கத்தக்கதாகவே தோன்றியிருக்கும். தமக்கென்று ஒன்றை விரும்பாதவர் ஆழ்வான். ஆனால் எம்பெருமான் அளித்ததை அவன் ப்ரஸாதமாகவே ஏற்றார்.

இனி அவருடைய கல்வியைப் பார்ப்போம். ப்ரஹ்மஸூத்ரங்களுக்கு உரை அருளிச்செய்யத் திருவுள்ளம் பற்றிய எம்பெருமானார், போதாயன வ்ருத்தியைத் தேடி ஆழ்வானுடன் காஷ்மீரத்துக்கு எழுந்தருளினார். கிடைத்த ஓலைச்சுவடி வழியிலேயே திரும்பப் பறிக்கப்பட, எம்பெருமானார் பெரிதும் கலங்கினார். அப்போதுதான், இரவுகளில் ஆசார்யன் கண்வளர்கையில் தாம் அந்நூல் முழுவதையும் வாசித்து நெஞ்சில் நிறுத்திக்கொண்டதை ஆழ்வான் விண்ணப்பித்தார். தேவை எழும்வரை அவர் அதை வெளியிடவில்லை. தேவை எழுந்தபின் மறைக்கவுமில்லை. தனக்கு ஒன்றும் தெரியாதென்று சொல்லிக்கொண்டு, செய்ய வேண்டிய கைங்கர்யத்திலிருந்து ஒதுங்குவது அடக்கத்தின் வேடம் பூண்ட சோம்பலே. ஆழ்வானின் அடக்கம் ஆசார்யனின் கார்யத்துக்கு உதவியது.

ஸ்ரீபாஷ்யம் எழுதுகையில் நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. எம்பெருமானார் அருளிச்செய்ய, ஆழ்வான் ஓலையில் எழுதிவந்தார். தமக்கு உடன்பாடில்லாத கருத்து வந்தால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்று எம்பெருமானாரே நியமித்திருந்தார். ஆத்ம ஸ்வரூபத்தை விளக்குமிடத்தில், அவன் அறிபவன் என்னும் தன்மை மட்டும் சொல்லப்பட்டு, எம்பெருமானுக்கே உரியவன் என்னும் சேஷத்வம் சொல்லப்படாததால் எழுத்தாணி நின்றது. எம்பெருமானார் சீறி, அவரைத் திருவடியால் உதைத்து எழுந்தருளினார் என்பர். ஆழ்வான் வாதிடவில்லை, அவ்விடத்தை விட்டு அகலவுமில்லை. தாம் ஆசார்யனின் உடைமை, உடையவர் தம் உடைமையை எப்படியும் செய்யலாம் என்று இருந்தார். பின்னர் எம்பெருமானார் தெளிந்து, சேஷத்வத்தையும் சேர்த்து அருளிச்செய்ய, எழுத்து தொடர்ந்தது. முகத்துதி செய்பவன் எழுதியிருப்பான். பிடிவாதக்காரன் சினந்து போயிருப்பான். இரண்டும் செய்யாமலிருந்ததற்குக் காரணம், நிறுத்துவதும் அவருக்கு ஆசார்ய நியமனமாகவே இருந்ததுதான். தம் கருத்து வென்றதென்னும் எண்ணத்துக்கு அங்கே இடமேது?

சோழ மன்னன் தன் கொள்கைக்கு உடன்பட்டுக் கையெழுத்திடுமாறு எம்பெருமானாரை அழைத்தபோது, அவருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்து, ஆழ்வான் அரசவைக்குச் சென்றார். முதிர்ந்த பெரிய நம்பியும் உடன் எழுந்தருளினார். எம்பெருமானாரோ வெள்ளை சாற்றி மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். முன்பு ஆழ்வானிடம் கற்ற நாலூரான் அவ்வவையில் அரசனுக்கு உடந்தையாக நின்றான். ஆழ்வான் இசையவில்லை, கண்களை இழந்தார். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே திருநாடு அலங்கரித்தார்.

இதற்குப்பின் நிகழ்ந்ததே நம் பொருளுக்கு உயிரானது. கண்ணிழந்த ஆழ்வான் பெருமாளை ஸேவிக்கத் திருவரங்கம் கோயில் வாசலுக்கு வந்தார். எம்பெருமானாரோடு ஸம்பந்தமுள்ளவர்களை உள்ளே விடலாகாது என்று அப்போது கட்டளை இருந்தது. ஒருவன் தடுக்க, மற்றொருவனோ ஆழ்வான் எவர்க்கும் தீங்கு நினையாத நற்குணம் உடையவராகையால் அவரை மட்டும் விடலாம் என்றான். ஆழ்வான் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். ஆத்ம குணங்கள் ஒருவனை ஆசார்ய ஸம்பந்தத்தில் சேர்ப்பிக்க வேண்டும். அவையே அந்த ஸம்பந்தத்திலிருந்து தம்மைப் பிரித்துக் காட்டுமாகில், அக்குணங்களால் பெறும் ஸேவையும் தமக்கு வேண்டா என்று திரும்பினார். பிறகு திருமாலிருஞ்சோலைக்குச் சென்று, அழகர் விஷயமாக ஸுந்தரபாஹு ஸ்தவத்தை அருளிச்செய்தார்.

நல்லவர் என்ற பெயரைப் பெறுவதற்காகவே நம்மில் பலர் நல்லவராக இருக்கிறோம். ஆழ்வானுக்கு அப்பெயர் அவரை எதிர்ப்பவர் வாயிலிருந்தே வந்தது. அதனோடு கோயில் கதவும் திறந்தது. குணம் தன் உடையவனுக்கே பெருமை சேர்க்கத் தொடங்கி, ஆசார்யனிடமிருந்து அவனைத் தனித்து நிறுத்துமாகில், அது குணத்தின் தோற்றம் மட்டுமே கொண்டது என்பதை அந்த வாசலில் கற்கிறோம்.

எம்பெருமானார் திரும்ப எழுந்தருளியபின், கண்களை வேண்டுமாறு ஆழ்வானைப் பேரருளாளன் திருமுன்பே நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தால் துதிக்க, பெருமாள் வரம் தரத் திருவுள்ளமானார். ஆழ்வான் வேண்டியது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்பதே. பழிவாங்க வலிமையற்றவன் வாளாவிருப்பதையும் உலகம் பொறுமை என்கிறது. அரசவையில் ஓரெழுத்துக்கும் இசையாதவர் ஆழ்வான். அவரை அச்சமுடையவர் என்று எவரும் சொல்லார். கேட்டதைத் தரும் பெருமாள் முன்னே நிற்கையில் அவர் நாலூரானை நினைத்தார். அதுவே க்ஷமை. பின்னர் ஆசார்யனின் நிர்ப்பந்தத்தால் மீண்டும் வேண்டி, பெருமாளையும் எம்பெருமானாரையும் மட்டும் காணும் கண்களைப் பெற்றார் என்பர்.

முடிவில் ஆழ்வான் நம்பெருமாளிடம் மோக்ஷத்தை வேண்டிப் பெற்று, எம்பெருமானாருக்கு முன்பே திருநாட்டுக்கு எழுந்தருளினார். முன்னே சென்றவர்கள் பின்னே வருபவரை எதிர்கொள்வது அங்குள்ள முறை. ஆசார்யன் தம்மை எதிர்கொள்ளும் நிலை வரலாகாது என்பதற்காகவே முந்தினாராம். ஆழ்வானால் திருத்தப்பட்ட திருவரங்கத்தமுதனார் இராமாநுச நூற்றந்தாதியில், குலம், கல்வி, செல்வம் ஆகியவற்றால் வரும் மூவகைச் செருக்கையும் கடந்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்.

இந்த உரைகல்லைப் பிறர்மேல் தேய்த்துப் பார்க்கும் உரிமை நமக்கில்லை. அது மற்றொரு செருக்கில் கொண்டுவிடும். நாம் செய்த நன்மையை ஒருவர் கவனியாதபோது நம் நெஞ்சு என்ன செய்கிறது, கவனித்துப் புகழ்ந்தபோது என்ன செய்கிறது என்று நம்மையே கேட்டுக்கொள்வது போதும். விடை நம்மைத் தலைகுனியச் செய்யுமாகில், ஆழ்வானின் திருவடிகளை நினைப்பதே நமக்கு வழி.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.