கத்திக்கு முன்னும் பின்னும்

அனுமந்தை உப்பளக் கரைக்கு மேற்கே உள்ள ஊர் திண்டிவனம். 1890களின் தொடக்கத்தில், ஓரிரவு, அங்கு வாழ்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடரின் இல்லத்துக்கு மூவர் அடுத்தடுத்து வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவரும் இந்து. மூவரின் மனைவியரும் மகப்பேற்றுத் துன்பத்தில் இருந்தனர். ஆண் மருத்துவரை அழைக்க அவர்கள் உடன்படவில்லை. மகள் ஐடாவோ மருத்துவம் பயிலாதவர். விடிவதற்குள் மூன்று உயிர்களும் பிரிந்தன.

1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, அவ்விரவின் துயரால் அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வேலூரில் 1902இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. ஆயினும் பயிற்சி பெற்ற துணைக் கைகள் அரிதாயின.

அறுவை சில நாழிகையில் முடியும். அதற்கு முன் அச்சம் தணித்து, வயிற்றை வெறுமையாக்கி, உடலைத் தூய்மை செய்பவரும், பின் நாடியும் மூச்சும் கணித்துப் புண்ணைக் காப்பவரும் செவிலியரே. இதனை உணர்ந்த அம்மையார் செவிலியர் பள்ளியை 1909இலேயே நிறுவினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியோ 1918இல்தான் தோன்றியது. செவிலியர் பட்டக் கல்லூரி 1946இல் மலர்ந்தது. 1960இல் அம்மையார் மறைந்தார்.

அறுவைக்குப்பின் கண்விழிக்கும் பெண்ணருகே ஒரு செவிலி நிற்கும்போதெல்லாம், அந்தத் திண்டிவனத்து இரவு சிறிது விடிகிறது.