எரிக் சொன்னா மட்டும் ஏன் தப்பு? கேரி கைகாக்ஸின் கதை

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரோட முதல் எபிசோட் ஞாபகம் இருக்கா? வீட்டு பேஸ்மென்ட்டில் நாலு பசங்க மேஜையைச் சுத்தி உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தன் கதை சொல்வான், மத்தவங்க பகடையை உருட்டிட்டுக் கத்துவாங்க. அதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு. கதை நடப்பது 1983 நவம்பரில். நிஜத்திலும் அதே மாதம் அமெரிக்காவில் சனிக்கிழமை காலை சிபிஎஸ் சேனலைப் போட்டிருந்தால், அந்த விளையாட்டு கார்ட்டூன் தொடராகவே ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

அந்தக் கார்ட்டூனில் ஆறு பசங்க. பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு ரைடில் ஏறுவார்கள், அது அவர்களை டிராகன்களும் மந்திரவாதிகளும் இருக்கிற வேறொரு உலகத்தில் இறக்கிவிட்டுவிடும். டன்ஜன் மாஸ்டர் என்று ஒரு குட்டைத் தாத்தா வந்து ஆளுக்கு ஒரு ஆயுதம் தருவார். தலைவன் ஹேங்குக்கு ஒளி அம்பு எய்யும் வில். டயானாவுக்கு நீண்டு சுருங்கும் கழி. பிரெஸ்டோவுக்கு மந்திரத் தொப்பி (கேட்டதைத் தவிர மத்த எல்லாம் அதிலிருந்து வரும்). ஷீலாவுக்கு ஆளை மறைக்கும் அங்கி. அவள் தம்பி பாபிக்கு அவன் சைஸுக்குப் பொருந்தாத ஒரு தடி. பணக்கார வீட்டுப் பையன் எரிக்குக்குக் கேடயம். வீட்டுக்குத் திரும்ப வழி தேடணும், நடுவில் வெஞ்சர் என்கிற வில்லன் இந்த ஆயுதங்களைப் பிடுங்கப் பார்ப்பான். இவ்வளவுதான் கதை.

கொஞ்சம் பார்த்தாலே ஒண்ணு தெரிஞ்சிடும். எரிக் எப்பவும் முணுமுணுப்பான். இந்தக் குகைக்குள்ள போக வேணாம்பான், அந்தத் தாத்தா புதிர் போடாம நேரா பதில் சொன்னா என்னன்னு கேட்பான். நியாயமான கேள்வி! ஆனா ஒவ்வொரு தடவையும் கதை அவனைத்தான் மொக்கையாக்கும். தனியா ஒரு முடிவெடுத்தா அடி வாங்குவான், எல்லாரும் சிரிப்பாங்க, பிறகு கூட்டத்தோட சேர்ந்துக்குவான்.

இது தற்செயல் இல்லை. தொடருக்கு ஆரம்ப வடிவம் கொடுத்த எழுத்தாளர்களில் ஒருவரான மார்க் எவனியர் பின்னாளில் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் குழந்தைகள் நிகழ்ச்சிகள் மேல் பெற்றோர் அமைப்புகளும் ஆலோசகர்களும் கண் வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நல்ல பழக்கம் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். அவர்கள் கணக்கில் நல்ல பழக்கம் என்றால், குழு எடுக்கும் முடிவே சரி, மாற்றுக் கருத்து சொல்பவன் எப்போதும் தப்பு. அந்தப் பாடத்தைச் சுமக்க ஒரு ஆள் வேண்டுமே, அதுக்கு மாட்டினவன்தான் எரிக். எவனியருக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் எழுதித் தரவேண்டியிருந்தது.

இந்தத் தொடரின் இணைத் தயாரிப்பாளர் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது: கேரி கைகாக்ஸ். விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர். கூட்டம் சொன்னதைக் கேட்டு நடந்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

1938 ஜூலை 27, சிகாகோவில் பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர், சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். கேரிக்கு எட்டு வயசு இருக்கும்போது குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்கிற ஏரிக்கரை ஊருக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்கு செஸ் பிடித்தது, மாயாஜாலக் கதைகள் அதைவிடப் பிடித்தது. பள்ளிக்கூடம்தான் பிடிக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டார். பின்னாளில் சிகாகோவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, எந்த ஆபத்துக்கு எவ்வளவு பிரீமியம் என்று கணக்குப் போடும் வேலை. டிராகன் தாக்கினால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று பகடைக் கணக்குப் போட்டவர் கையில் அதற்கு முன் இருந்தது இந்த வேலைதான் என்பது பொருத்தமாத்தான் இருக்கு.

கல்யாணமாகிக் குழந்தைகளும் இருந்தார்கள், ராத்திரி ஆனால் ஆள் வீட்டில் இருக்க மாட்டார். வேறு யாரோடோ தொடர்பு என்று சந்தேகப்பட்ட மனைவி மேரி ஜோ ஒருநாள் தேடிப்போனார். ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில், கையால் வரைந்த வரைபடங்களைச் சுற்றி நண்பர்களோடு உட்கார்ந்து போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாராம் கணவர்.

1968இல் இதே பைத்தியம் பிடித்தவர்களை ஒன்று சேர்க்க லேக் ஜெனீவாவின் ஹார்ட்டிகல்ச்சுரல் ஹாலை 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்து ஒரு கூட்டம் நடத்தினார். அதுதான் ஜென் கான், இன்றைக்கும் நடக்கிறது. 1970இல் இன்சூரன்ஸ் வேலை போனது. வீட்டு பேஸ்மென்ட்டில் செருப்பு, ஷூ ரிப்பேர் செய்து குடும்பத்தை ஓட்டினார். ராத்திரியில் விதிகள் எழுதினார். 1971இல் ஜெஃப் பெரனோடு சேர்ந்து செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விளையாட்டை வெளியிட்டார். அதன் கடைசியில் டிராகன், மந்திரவாதி எல்லாம் வரும் ஒரு பகுதியைச் சேர்த்தார்.

இங்கேதான் இரண்டாவது ஆள் வருகிறார். பக்கத்து மாநிலம் மின்னசோட்டாவில் டேவ் ஆர்னெசன் என்று ஒருவர். அவர் செயின்மெயிலை எடுத்துத் தலைகீழாக மாற்றினார். போர் விளையாட்டு என்றால் ஒரு ஆட்டக்காரர் ஒரு படையை நகர்த்துவார். ஆர்னெசன் ஆளுக்கு ஒரே ஒரு பாத்திரம் கொடுத்தார். அந்தப் பாத்திரம் ஒரே அடியில் சாகாது, அதற்கு ஹிட் பாயிண்ட்ஸ் இருக்கும். பிழைத்து வந்தால் அனுபவம் கூடும், லெவல் ஏறும். இன்னிக்கு நீங்க ஆடுற எந்த ஆர்பிஜி கேமை எடுத்தாலும் இந்த ரெண்டும் இருக்கும். 1972 கடைசியில் ஆர்னெசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து தன் பிளாக்மூர் உலகத்தை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அன்றே விழுந்துவிட்டார்.

ஆனால் ஆர்னெசனிடம் இருந்தது சில பக்கக் குறிப்புகள், மிச்சமெல்லாம் அவர் தலைக்குள். உங்க புராஜெக்ட் பேட்ச்சிலும் இப்படி ஒருத்தர் இருப்பார்: ஐடியா பிரமாதமா இருக்கும், டாக்குமென்டேஷன் இருக்காது. கைகாக்ஸ் அதற்கு நேர் எதிர். உட்கார்ந்து தட்டச்சு செய்து, விதிகளாக்கி, தன் பிள்ளைகள் எர்னியையும் எலிஸையும் முதலில் ஆட வைத்துப் பார்த்தார். பகடைகூட அவர் தேடிப் பிடித்ததுதான். பள்ளிகளுக்குப் பாடக் கருவிகள் விற்கும் ஒரு பட்டியலில் 4, 6, 8, 12, 20 பக்கங்கள் கொண்ட ஐந்து பிளாட்டானிக் திண்மங்கள் ஒரு செட்டாக இருந்தன. அதை வாங்கி விளையாட்டுக்குள் கொண்டுவந்தார்.

அவர் எழுதியதில் முக்கியமான விஷயம் ஒன்று. முதல் பதிப்பில் வீரன், குருமார், மந்திரவாதி என மூன்றே வகைப் பாத்திரங்கள். வீரனுக்கு மந்திரம் வராது. மந்திரவாதி ஒரு குத்து வாங்கினால் காலி. காயத்தை ஆற்ற குருமார் வேண்டும். தனியாக எவனாலும் குகையின் மறுபக்கம் போக முடியாது. அதேசமயம் கூட்டம் சொன்னால் கேட்டே ஆக வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று மேஜையில் அரைமணி நேரம் சண்டை போடலாம், வேணாம்னு சொன்னவன் பேச்சைக் கேட்டு எல்லாரும் உயிர் பிழைக்கலாம். எரிக் கார்ட்டூனில் மாட்டாமல் இந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் அவன்தான் குழுவில் உருப்படியான ஆள்.

எந்தக் கம்பெனியும் இதை அச்சிட முன்வரவில்லை. 1973 அக்டோபரில் பால்ய நண்பர் டான் கேயோடு ஆளுக்கு 1000 டாலர் போட்டு டிஎஸ்ஆர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கே தன் பங்குக்கு ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கினார். அச்சடிக்க அது போதவில்லை, பிரையன் ப்ளூம் என்பவர் பணத்தோடு மூன்றாவது பங்குதாரராகச் சேர்ந்தார். 1974 ஜனவரியில் 1000 பெட்டிகள், விலை 10 டாலர். கையாலேயே அடுக்கி விற்றார்கள்.

ஒரு வருஷம் கழித்து 1975 ஜனவரியில் டான் கே மாரடைப்பில் இறந்தார். வயது 36. அவர் பங்கை வாங்க கைகாக்ஸிடம் பணம் இல்லை. ப்ளூம் குடும்பத்திடம் இருந்தது. கம்பெனியின் பெரும்பான்மை மெதுவாக அந்தப் பக்கம் சாய்ந்தது. ஜெயித்துக்கொண்டிருந்ததால் அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை.

அடுத்து ஆர்னெசன். டிஎஸ்ஆரில் கொஞ்ச காலம் வேலை பார்த்து 1976இல் வெளியேறினார். பிறகு வந்த அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகங்களில் ஆசிரியராக கைகாக்ஸ் பெயர் மட்டும்தான். இது வேறு விளையாட்டு, இதில் ஆர்னெசனுக்குப் பங்கில்லை என்பது கம்பெனியின் வாதம். ஆர்னெசன் 1979இல் வழக்குப் போட்டார், 1981இல் சமரசமானது. எழுதினவர் எழுதாதவரைவிட அதிகம் உழைத்தார் என்பது உண்மை. அதுக்காகக் கூட இருந்தவர் பெயரை அட்டையிலிருந்து எடுத்தது சரியாகிடாது. இந்த ஒரு இடத்தில் கைகாக்ஸுக்காக வாதாட எனக்கு மனசு வரல.

1983இல் கைகாக்ஸ் ஹாலிவுட் போனார். சினிமா இயக்குநர் கிங் விடோரின் பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து, டிஎஸ்ஆரின் பொழுதுபோக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். முதல் திருமணம் முறிந்த காலம் அது. ஷூ தைத்தவருக்கு நீச்சல் குளம், பார்ட்டி எல்லாம் பார்க்கக் கிடைத்தது. சினிமா கனவு கைகூடவில்லை, கார்ட்டூன் கைகூடியது. மார்வெல் புரொடக்ஷன்ஸும் டிஎஸ்ஆரும் சேர்ந்து தயாரித்து, ஜப்பானின் டோயி வரைந்து கொடுக்க, 1983 செப்டம்பர் 17இல் ஒளிபரப்பு தொடங்கியது. எரிக்கின் கேவலியர், பாபியின் பார்பேரியன், டயானாவின் அக்ரோபேட் மூன்றும் சும்மா வைத்த பட்டங்கள் இல்லை. அப்போது டிராகன் இதழில் கைகாக்ஸ் எழுதிக்கொண்டிருந்த புதுப் பாத்திர வகைகளை ஒட்டியவை.

தொடர் போகப்போக எழுத்தாளர்கள் எரிக்குக்குக் கொஞ்சம் கருணை காட்டினார்கள். ஒரு எபிசோடில் டன்ஜன் மாஸ்டரின் சக்தி ஒருநாள் அவன் கைக்கு வரும். எல்லாரும் கேலி செய்த பையன், மற்றவர்கள் வீட்டுக்குத் தப்பிப்போகட்டும் என்று தான் பின்னால் நின்று வெஞ்சரைத் தடுப்பான். மைக்கேல் ரீவ்ஸ் எழுதிய தி டிராகன்ஸ் கிரேவ்யார்ட் எபிசோடில் ஆறு பேருமே பொறுமை இழந்து, வெஞ்சரைத் தீர்த்துக்கட்டுவதென்று கிளம்புவார்கள். சனிக்கிழமை காலை கார்ட்டூனில் இது பெரிய விஷயம். ஹேங்கின் வில்லுக்கு முன்னால் வெஞ்சர் வசமாக மாட்டுவான், ஹேங்க் கொல்ல மாட்டான். ஒரே ஒரு எபிசோட் பார்க்க நேரமிருந்தால் இதைப் பாருங்க.

இந்த நேரத்தில் லேக் ஜெனீவாவில் கம்பெனி முங்கிக்கொண்டிருந்தது. கடன் 15 லட்சம் டாலர். செய்தி கேட்டு 1984இல் கைகாக்ஸ் ஓடிவந்தார். நிர்வாகம் சரியில்லை என்று போர்டில் சண்டை போட்டு, கெவின் ப்ளூமைத் தலைமையிலிருந்து இறக்க வைத்தார். அந்த மூன்று பாத்திர வகைகளையும் மற்றதையும் தொகுத்து 1985இல் அன்எர்த்ட் ஆர்கானா புத்தகம் கொண்டுவந்தார். நன்றாக விற்றது, கம்பெனி மூச்சு விட்டது. நிர்வாகம் பார்க்க ஹாலிவுட் நண்பர் ஃபிளிண்ட் டில்லியின் அக்கா லோரெய்ன் வில்லியம்ஸை அவரே அழைத்து வந்தார்.

ப்ளூம் சகோதரர்கள் தங்கள் பங்குகளை லோரெய்ன் வில்லியம்ஸுக்கு விற்றுவிட்டார்கள். 1985 அக்டோபரில் போர்டு கூடியது. கைகாக்ஸ் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த மேஜையில் பகடைக்கு வேலை இல்லை, பங்குகளை எண்ணினால் போதும். வழக்குப் போட்டுத் தோற்றார், 1986இல் வெளியேறினார். கார்ட்டூனின் கடைசி எபிசோட் வந்தது 1985 டிசம்பர் 7. மொத்தம் 27. பசங்க வீட்டுக்குப் போனார்களா என்று காட்டும் முடிவே வரவில்லை. ரீவ்ஸ் ரெக்வியம் என்று ஒரு நிறைவுக் கதை எழுதி வைத்திருந்தார், அது படமாகவே இல்லை.

கைகாக்ஸ் உருவாக்கிய கிரேஹாக் உலகம் கம்பெனியின் சொத்து. கார்ட் என்கிற திருடன் பாத்திரம் அவர் கையில் மிஞ்சியது. அவனை வைத்து நாவல்கள் எழுதினார், 1988இல் வந்த கடைசி நாவலில் அந்த உலகத்தையே அழித்துவிட்டார். கோபம்னா இப்படித்தான் இருக்கணும். 1992இல் புது விளையாட்டு ஒன்று கொண்டுவந்தபோது டிஎஸ்ஆர் அதன் மேலும் வழக்குப் போட்டது. 1997இல் டிஎஸ்ஆரே தள்ளாடி, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கைக்குப் போனது.

கடைசி வருஷங்களில் லேக் ஜெனீவா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முன்பின் தெரியாத ரசிகர்கள் வருவார்கள், பேசுவார்கள், சேர்ந்து ஆடுவார்கள். 2008 மார்ச் 4இல் 69 வயதில் இறந்தார். நீங்க பெரும்பாலும் அப்போ நடை பழகிட்டு இருந்திருப்பீங்க. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஆர்னெசனும் போனார்.

அடக்கம் முடிந்த அன்று, வந்திருந்தவர்கள் ஊரில் இருந்த அமெரிக்கன் லீஜியன் ஹாலில் கூடினார்கள். யாரோ பகடையை எடுத்தார்கள், மேஜைகள் நிரம்பின. அந்தக் கூட்டம் கேரி கான் என்ற பெயரில் அடுத்த வருஷமே விழாவானது. இன்றும் மார்ச் மாதம் லேக் ஜெனீவாவில் நடக்கிறது.