6 பேர், 80 பிரதிகள்: 'தி இந்து'வைத் தொடங்கிய திருவையாறு வாத்தியார்! யார் இந்த ஜி.சுப்பிரமணிய ஐயர்?

பத்திரிகை வேலையைக் கற்றுக்கொள்ள இன்னைக்குப் பட்டப்படிப்பே இருக்கு. 1878-ல் சென்னையில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு பள்ளி ஆசிரியர், மாணவர்களோடு சேர்ந்து பத்திரிகை நடத்தியே அதைக் கற்றுக்கொண்டார். அவர்தான் ஜி.சுப்பிரமணிய ஐயர்.

யார் இவர்?

1855-ல் காவிரிக்கரையில் உள்ள திருவையாறில் பிறந்தவர். தஞ்சாவூர் புனித பீட்டர் கல்லூரியில் படித்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்காகச் சென்னை வந்தார். பள்ளியில் வேலை கிடைத்தது. திருவல்லிக்கேணியில் இளைஞர்கள் கூடிப் பேசும் இலக்கியச் சங்கத்திலும் சேர்ந்தார்.

பத்திரிகை ஏன்?

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக, தஞ்சை மாவட்டத்துக்காரரான டி.முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை வேணும் என்று சங்கத்து இளைஞர்கள் முடிவெடுத்தார்கள்.

23 வயது சுப்பிரமணிய ஐயர், சக ஆசிரியர் வீரராகவாச்சாரியார், சட்டம் படித்துக்கொண்டிருந்த 4 மாணவர்கள். மொத்தம் 6 பேர். கையில் காசு இல்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20-ல் 'தி இந்து' வார இதழாக வெளிவந்தது.

படிப்பு முடிந்ததும் மாணவர்கள் வக்கீல் தொழிலுக்குப் போய்விட்டார்கள். இரண்டு வாத்தியார்கள்தான் தொடர்ந்து நடத்தினார்கள். 1889-ல் அது நாளிதழானது.

தமிழுக்கு வந்தது எப்படி?

ஆங்கிலப் பத்திரிகை, ஆங்கிலம் தெரிந்தவர்களைத் தாண்டிப் போகாது. அதனால் 1882-ல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். அரசியலைத் தமிழில் எழுத அப்போது பழகிய நடை கிடையாது. வாராவாரம் எழுதி எழுதித்தான் அது கைவந்தது. 1898-ல் 'தி இந்து'விலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே சுதேசமித்திரன் நாளிதழானது.

1904-ல் அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர், மதுரையில் தற்காலிகப் பள்ளி ஆசிரியராக இருந்த பாரதியார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி.

கொடுத்த விலை என்ன?

விதவை மறுமணத்தை ஆதரித்து எழுதியதோடு நிற்கவில்லை. 1889-ல் விதவையான தன் மகளுக்கே மறுமணம் செய்து வைத்தார். சொந்தபந்தம் ஒதுக்கியது. 1908-ல் சுதேசமித்திரன் கட்டுரைகளுக்காக ராஜதுரோக வழக்கில் கைதானார். அப்போதே நோயால் உடல் நலிந்திருந்தது. 1916 ஏப்ரல் 18-ல் காலமானார்.

80 பிரதிகளில் தொடங்கிய 'தி இந்து' இன்னைக்கும் வந்துகொண்டிருக்கிறது.