நைட்டிங்கேல்: விளக்கோடு கணக்கும் பார்த்தவர்

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் கையில் விளக்கோடு வார்டில் நடக்கும் நர்ஸ்தான் ஞாபகத்துக்கு வருவார். மருத்துவமனைகளை உண்மையில் கலங்க வைத்தது அவர் போட்ட கணக்கு.

1820-ல் பிறந்தவர். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 நர்ஸுகளோடு துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அவர் போயும் சாவு குறையல, குளிர்காலத்தில் இன்னும் ஏறியது. 1855 பிப்ரவரியில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தைச் சரிசெய்த பிறகுதான் மரணங்கள் சரிந்தன.

ஊர் திரும்பி, புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். காயத்தைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களே அதிகம் பேரைக் கொன்றிருந்தன. அதுவும் தான் வேலை பார்த்த இடத்திலேயே! மூடி மறைக்காமல், அதையே வண்ண வரைபடமாக்கி 1858-ல் அச்சிட்டார்.

அடுத்து 1860-ல், எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் நோய், குணம், மரணம் எல்லாவற்றையும் பதியணும்னு கேட்டார். லண்டனில் சில இடங்களில் முயன்று பார்த்து, செலவு அதிகம் என்று விட்டுவிட்டார்கள்.

1863-ல் வந்த அவர் புத்தகத்தின் பதிப்பில் ஃபாரின் பட்டியல் ஒன்று இருந்தது. லண்டனின் 24 மருத்துவமனைகளில் மரண விகிதம் 90 சதவீதமாம்! ஓராண்டில் இறந்தவர்களை, ஒரே நாளில் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்த கணக்கு அது. டாக்டர்கள் கொதித்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. மருத்துவமனைகளுக்கு ரேங்க் போடுபவர்கள் இன்றைக்கும் சறுக்குகிற இடம்தான் இது.

1910-ல், 90 வயதில் இறந்தார். சிகிச்சையின் தரத்துக்கு மருத்துவமனையே பதில் சொல்லணும் என்பதற்கு ‘கிளினிக்கல் கவர்னன்ஸ்’ என்ற பெயர் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் வந்தது, 1990-களின் கடைசியில்.